நம் எழுத்துதானாம்

எங்கள் வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று, பெற்ற அம்மா பேசுவது புரியாமல் விழித்துக்கொண்டு நிற்கிறது. அதை ஒரு சாதனை என்று என் அப்பா டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிகிறார். இதைப் பொறுமையாக எழுத என்னால் முடியாது. பொறுமையாக எழுதுகிறவர்கள் வேறு வீட்டில் பிறந்திருப்பார்கள்.

குழந்தை என் தம்பி மகள். தம்பி தாய்லாந்தில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தான். அங்கேயே ஒருத்தியை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டான். தொழிற்சாலையை இழுத்து மூடியதும் ஊருக்குத் திரும்பினான். அவளுக்கு அங்கே ஆஸ்பத்திரியில் வேலை, ஒப்பந்தம் முடியாமல் விட முடியாது. ஷிஃப்ட் மாறி மாறி ஓடுகிறவள் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போவாள்? அதனால் பாப்பா அப்பனோடு உத்திரமேரூருக்கு வந்தாள். அடுத்த வருஷம் அம்மாவும் வந்துவிடுவாள் என்று பேச்சு. அதுவரை ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில்தான் அவர்களுடைய குடித்தனம்.

வந்த புதிதில் அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்த்திருக்க வேண்டும். போனை எடுத்ததும் "மே" என்பாள் பாப்பா. அம்மா என்று அர்த்தம். உயரத்தில் தொடங்கிச் சறுக்கி இறங்குகிற ஒரு 'மே'. அதை நாங்கள் யார் சொன்னாலும் ஆடு கத்துவது மாதிரிதான் இருக்கும். பிறகு அவள் அம்மா அங்கிருந்து எழுத்து அட்டையைக் காட்டுவாள். பாப்பா கொண்டுவந்த அதே அட்டை எங்கள் வீட்டுச் சுவரிலும் மாட்டியிருந்தது. அவர்கள் எழுத்து ஒவ்வொன்றுக்கும் துணையாக ஒரு பொருள் உண்டு. கோழிக்கு ஓர் எழுத்து, முட்டைக்கு ஓர் எழுத்து, அடுத்து எருமை, பாம்பு என்று நாற்பத்து நான்கு போகும். பாப்பா பாட்டு மாதிரி ஒப்பிப்பாள். எருமை வந்ததும் வாசல் பக்கம் கையைக் காட்டிச் சிரிப்பாள், எங்கள் எதிர்வீட்டு எருமை அங்கேதான் கட்டியிருக்கும்.

எனக்கு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டிடிபி, ஜெராக்ஸ் கடை. இருபது வருஷமாக எழுத்தோடுதான் பிழைப்பு. அதனால் அந்த அட்டையைப் பார்த்ததும் என் கண் அதிலேயே நின்றுவிட்டது. கோழிக்கு வரும் முதல் எழுத்து, நம் 'ப'வைக் கவிழ்த்து வைத்து ஒரு மூக்கு வைத்த மாதிரி இருக்கும். நாம் 'கே' எழுதினால் கொம்பு முன்னால் வருகிறதல்லவா, அவர்களுக்கும் அப்படித்தான். வாயில் பின்னால் வருகிற சத்தம், எழுத்தில் முன்னால் நிற்கும். பழைய டைப்ரைட்டரில் கற்றுக்கொண்டவள் நான். கொம்பை முதலில் தட்டி எழுத்தைப் பிறகு தட்டுவது என் விரலுக்குப் புதிதில்லை.

இதை ஒரு நாள் வீட்டில் வாய்விட்டுச் சொன்னதுதான் வினை. நைனாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எங்களுக்கு அப்பா நைனா. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருப்பதுதான் அவருக்கு இப்போது வேலை.

"அது பல்லவன் எய்த்துதாம்மே. நம்ம காஞ்சிபுரத்துலேர்ந்து கப்பல் ஏறிப் போனது. அவனுங்க நம்மகிட்ட வாங்கிக்கினானுங்க. நம்ம எய்த்த நம்மளே இன்னாத்துக்குக் காசு குட்த்துக் கத்துக்கணும்?"

பல்லவர் எழுத்து கம்போடியா வழியாக அங்கே போனது உண்மைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் நம்முடையது என்றால் கற்றுக்கொள்ளத் தேவையில்லை என்று நினைக்க எங்கள் ஊர் ஆட்களால்தான் முடியும். கோயில் சுவரில் கல்வெட்டைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். நைனா முன்னால் போய் நின்று கையை நீட்டி நீட்டி விளக்குவார். அதில் ஒரு வரி அவருக்குப் படிக்கத் தெரியாது. இந்த வயது வரை அதற்காக ஒரு நாள் வெட்கப்பட்டதும் கிடையாது.

பிறகு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு அனுப்பினார்கள். பாப்பா வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். "வீட்ல ஒரே லாங்வேஜ் பேசுங்க சார், குழந்தைக்குக் குழப்பம் இருக்காது" என்று மிஸ் சொன்னாராம். நாலு மாசத்துக்கு முன்னால் ஊர், காற்று, சோறு, அம்மா எல்லாம் ஒரே நாளில் மாறிப்போன குழந்தை. அது பேசாமல் இருந்தால் குற்றம் மொழியின் மேலா? கேட்டேன். கேட்டதற்கு, பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும் என்கிற மாதிரி ஒரு பார்வை நைனாவிடமிருந்து கிடைத்தது.

"நாக்கு திரும்பாம பூடும்டா" என்று தம்பியிடம் சொன்னார். சொல்கிறவர் பழத்தைப் பயம் என்கிறவர். அவருக்குக் குழந்தையின் நாக்கைப் பற்றிக் கவலை.

தம்பி என்ன செய்திருக்க வேண்டும்? அவனுக்கு அந்த மொழி எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் பேச்சு தண்ணீர்பட்ட பாடு. மகளிடம் நாலு வார்த்தை தினமும் பேசியிருந்தாலே போதும். மாட்டான். நைனா காதில் விழக்கூடாது என்று பொண்டாட்டியோடு பேசக்கூட மாட்டுக்கொட்டகைக்குப் போகிறவன் அவன். அட்டையைச் சுவரிலிருந்து கழற்றினான். ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் பத்து நிமிஷமாகச் சுருங்கியது. பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். கேட்டால் அவளுக்கு நைட் ஷிஃப்ட், தூக்கம், பேஜார் என்பான்.

ஆனால் விருந்தாளி வந்தால் மட்டும் பாப்பாவை நடுக்கூடத்தில் நிறுத்துவார் நைனா. "பல்லவன் எய்த்து சொல்லு கண்ணு." அதற்காக அவரே என்னை நச்சரித்து அந்த எழுத்துகளைப் பாப்பா சொல்லச் சொல்லத் தமிழில் எழுதி வாங்கி வைத்திருந்தார். கோழிக்கும் 'கை', முட்டைக்கும் 'கை'. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான், அங்கே முட்டைக்கு மூச்சை விட்டுச் சொல்ல வேண்டும். எழுதும்போதே சொன்னேன், இது உதவாது நைனா என்று. அவர் அதைப் படிக்கப் படிக்கக் குழந்தை கோணல்மாணலாக ஒப்பிக்கும். இவர்கள் கை தட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கோபத்தில்தான் நான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். மத்தியானம் கடையில் ஆள் இருக்காது. போனில் பாடம் ஓடும், ஜெராக்ஸ் எடுத்துக் கசங்கிய தாளின் பின்பக்கம் எழுதிப் பார்ப்பேன். காதால் கற்க எனக்கு வரவில்லை. ஒரே 'மா'வைச் சமமாகச் சொன்னால் 'வா', குரலை உயர்த்தினால் குதிரை, தாழ்த்தி ஏற்றினால் நாய். கேட்டால் மூன்றும் எனக்கு ஒன்றுதான். ஆனால் எழுத்தில் ஏமாற்றமில்லை. அவர்கள் பிரித்து வைத்திருக்கும் மூன்று வகுப்பில் எழுத்து எந்த வகுப்பு, உயிர் குறிலா நெடிலா, தலைமேல் குறி இருக்கிறதா என்று பார்த்தால் குரல் தெரிந்துவிடும். நாய் என்று எழுதும்போது முன்னால் ஒரு 'ஹ' நிற்கும். அதற்குச் சத்தமே கிடையாது. ஆனால் அது நிற்பதால் பின்னால் வருகிற எழுத்தின் குரல் மாறிவிடும். நைனா கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது என் தம்பி பேசுவதைக் கேட்டவர்களுக்கு இந்த இலக்கணம் சட்டென்று புரியும்.

மெதுவாகத் தட்டித் தட்டித் தம்பி பொண்டாட்டிக்குச் செய்தி அனுப்ப ஆரம்பித்தேன். பாப்பாவுக்கு ஜுரம் விட்டது, பல் ஆடுகிறது, இட்லி பிடிக்கிறது. தப்பும் தவறுமாகத்தான். அவள் பதில் எழுதுவாள். வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விடாமல் எழுதுவது அவர்கள் வழக்கம். எது எங்கே முடிகிறது என்று நான் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கால் வந்தது. பாப்பா போன் முன்னால் உட்கார்ந்தாள். அவள் அம்மா சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டாள். பாப்பா பேசாமல் பார்த்தாள். அவள் மறுபடி கேட்டாள், இன்னும் மெதுவாக. பாப்பா நைனா பக்கம் திரும்பினாள்.

"தாத்தா, அம்மா இன்னா சொல்லுது?"

நைனா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "பாத்தியா, நம்ம பாஷ எப்டி வந்துச்சி பாரு!"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். பிறகு திரையில் அவளைக் காணோம். கால் முடிந்துவிட்டது. சிறிது நேரத்தில் என் போனில் அவள் எழுதியது வந்தது. படித்தேன். படித்ததும் எழுந்துபோய்ப் போனை நைனாவின் மடியில் வைத்தேன்.

"நம்ம எய்த்துதான நைனா? படி."

"இன்னா இது?"

"உன் மருமவ எழுதினுகீறா. பல்லவன் எய்த்து. படி."

போனை அப்படித் திருப்பினார், இப்படித் திருப்பினார். கண்ணாடி இல்லை என்றார். கண்ணாடி அவர் மூக்கின்மேல்தான் இருந்தது. தம்பி, "வுடுக்கா, ஸ்கூல்ல சொன்னதத்தான பண்ணோம்" என்று முனகினான். "ஸ்கூல்ல சொன்னா பெத்தவள ஊமையாக்குவியாடா?" என்று நான் போட்ட சத்தத்தில் பாப்பா அழ ஆரம்பித்தாள். அதற்கு மட்டும் நான் வருந்துகிறேன்.

பிறகு நானே படித்தேன். முதலில் அவள் எழுதிய மொழியில், எனக்கு வந்த அழகில். பிறகு எல்லோருக்கும் விளங்கும்படி தமிழில். 'அக்கா, அடுத்த வருஷம் நான் வந்தால் என் மகளோடு எந்த மொழியில் பேசுவது?'

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். டீக்கடைக்குத்தான், வேறு எங்கே?

இப்போது ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை என் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எழுத்து அட்டையை ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். அவர்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். தம்பியும் வருகிறான், வாசலிலேயே பைக்கில் உட்கார்ந்திருக்கிறான். உள்ளே வந்து பேசுடா என்றால், போன் பார்க்கிற மாதிரி குனிந்துகொள்கிறான்.

போன வாரம் பாப்பாவிடம் அவள் அம்மா தன் மொழியில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். நான் பாப்பாவுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்த கேள்வி. பாப்பாவுக்குப் புரிந்தது. கண்ணிலேயே தெரிந்தது எனக்கு. பளிச்சென்று பதில் சொன்னாள், பொங்கல், வடை, சட்னி தொட்டுக்கவே இல்லை என்று, நீளமாக, சுத்தமான தமிழில். அந்தப் பக்கம் ஒரு வார்த்தை புரியாத அவள், எல்லாம் புரிந்தவள் மாதிரி சிரித்துச் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.