ஆடுகிறதா, இழுக்கிறதா?

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், கேகாலைக்குப் போகும் வழியில் செத்துப் பிழைத்தேன். மிகைப்படுத்தவில்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. புளத்கொகுபிட்டியவைத் தாண்டியதும் ஓர் இறக்கம். அதன் அடியில் வலப்பக்கம் திரும்பும் வளைவு. இடப்பக்கம் நாலு ரப்பர் மரம், அதற்கப்பால்... பள்ளம். ஸ்டியரிங்கைத் திருப்பினேன். காரின் முன்பக்கம் சொன்னபடி கேட்டது. பின்பக்கம் மட்டும் தன்பாட்டுக்குப் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தது!

பின்சீட்டில் என் தங்கச்சி விஜி. ஏழு மாதம். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து உண்டான பிள்ளை. அவள் கணவருக்குக் கொழும்பில் வேலை. அதனால் நாங்கள் இருக்கும் தோட்டத்திலிருந்து கேகாலை கிளினிக்குக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. என் பொறுப்பு என்றால், என்னுடைய கிழட்டுக் காரின் பொறுப்பும்தான்.

“பயந்துட்டியா?”

“இல்லக்கா.”

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மழை ரோடு, வழுக்கிவிட்டது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

இத்தனைக்கும் இது புதுக் கோளாறு இல்லை. இரண்டு மாதத்தில் இரண்டு தடவை கராஜுக்குப் போய், இரண்டு தடவையும் சக்கரங்களை நேராக்கி அலைன்மென்ட் செய்த கார். அப்படியும் ஆடினால் என்ன அர்த்தம்? அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. கண்ணை மூடினால் அந்த ரப்பர் மரங்கள் நாலும் வந்து நின்றன.

மறுநாள் பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு நேரே பாஸிடம் போனேன். எங்கள் பக்கம் மெக்கானிக் எல்லோரும் ‘பாஸ்’தான். இவர் சிங்களவர், நல்ல மனுஷர், கடைவீதித் தமிழ் கொஞ்சம் பேசுவார். நானும் சிங்களத்தில் சளைத்தவள் இல்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

“பாஸ், இன்னும் ஆடினவா!” என்றேன், அழாத குறையாக.

“இன்னும் அதினவா? எந்தப் பக்கம் மிஸ்?”

“ரெண்டு பக்கமும்!”

போன இரண்டு தடவையும் இதே கேள்வி, இதே பதில். ஆனால் இந்தத் தடவை எனக்கிருந்த பயத்தில் கை சும்மா இருக்கவில்லை. மாடு வாலை ஆட்டுகிற மாதிரி ஆட்டிக் காட்டிவிட்டேன்.

பாஸ் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“மிஸ்... அது பெத்தெனவா. நீங்க சொன்னது அதினவா!”

விஷயம் இதுதான். சிங்களத்தில் ‘அதினவா’ என்றால் இழுக்கிறது. ஆடுவதற்கு அவர்கள் சொல்வது ‘பெத்தெனவா’. அவசரத்தில் அந்த வார்த்தை வாயில் வராமல், நம் ‘ஆடு’வின் பின்னால் ஒரு ‘னவா’வை ஒட்டிவிட்டிருக்கிறேன். அது அவர் காதில் ‘அதினவா’ என்று விழுந்திருக்கிறது. தமிழுக்கு வால் வைத்தால் சிங்களம் — நம்மாட்களின் பழைய வித்தைதானே! கார் ஒரு பக்கம் இழுக்கிறது என்று நினைத்து, அவர் முன் சக்கரங்களையே திரும்பத் திரும்பச் சரி செய்திருக்கிறார். தனியாக, காய்ந்த ரோட்டில் ஓட்டியும் பார்த்தாராம். ஒன்றும் தெரியவில்லையாம்.

பிறகுதான் வைத்தியம் ஒழுங்காக ஆரம்பித்தது. வாசல் சிமெண்டில் தண்ணீரை ஊற்றி, அதன் வழியாக நேராக, மெதுவாக ஓட்டச் சொன்னார். இறங்கிப் பார்த்தேன். நேராகப் போகும் காரில் பின் டயர் முன் டயரின் ஈரத் தடத்திலேயே வர வேண்டுமாம். என் காரின் பின் டயர்களோ இரண்டு விரல் தள்ளி, தனி வழியில் வந்திருந்தன. டயரின் உள் ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பு, எதிர்ப்பக்கமாகத் தடவினால் தேங்காய்த் துருவிப் பல்லு மாதிரி கையில் குத்தியது.

காரைத் தூக்கி, அடியில் கடப்பாரையால் நெம்பினார். பின் அச்சைப் பிடித்திருக்க வேண்டிய ரப்பர் புஷ் கிழிந்து தொங்கியது. அச்சே அசைந்தது.

“பின்னால பாரம் இருந்தா, வளைவுல இந்த வீல் தானா திரும்பும் மிஸ். இன்னும் ஒரு மழை... சொல்ல ஏலாது.”

பாரம்! அந்தப் பாரம் விஜியும் அவள் பிள்ளையும். பக்கத்திலிருந்த பழைய டயர் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

புஷ் மாற்றி, இந்தத் தடவை நாலு சக்கரத்துக்கும் அலைன்மென்ட் செய்து கொடுத்தார். நேற்று மறுபடியும் கிளினிக். அதே இறக்கம், அதே வளைவு, மழையும்கூட. மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினேன். கார் ஒழுங்காகத் திரும்பியது.

“அக்கா, இப்ப நல்லா ஓட்டுறீங்க” என்றாள் விஜி.

“இப்பவா?”

“முந்தியெல்லாம் வளைவுக்கு வளைவு பின்னால தூக்கிப் போடும்க்கா. ரெண்டு மாசமா உசிரக் கையில புடிச்சிக்கிட்டுத்தான் வந்தேன். நீங்க ஓட்டுறதே அப்படித்தான்னு நெனச்சேன். சொன்னா மனசு சங்கடப்படுவீங்களேன்னு...”

காரை ஓரம் கட்டினேன். அவளைப் பயமுறுத்தக் கூடாது என்று கார் ஆடுவதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அக்காவைக் குறை சொல்லக் கூடாது என்று அவள் வாயைத் திறக்கவில்லை. பின்சீட்டில் இருந்தவள் ‘பின்னால தூக்குது’ என்று இரண்டே வார்த்தை சொல்லியிருந்தால், நான் முதல் தடவையே அதை பாஸிடம் போய்ச் சொல்லியிருப்பேனே?

மரியாதை நல்லதுதான். ஆனால் பள்ளத்துக்கு அக்கா தெரியாது, தங்கச்சியும் தெரியாது!