மக்கா என்றொரு சீனியர் என்ஜினியர்

நாகர்கோவிலில் எனக்கு முதலில் வேலை கொடுத்த கம்பெனி ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது. வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பிய ஒருவர் அதை நடத்தினார். அவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். ஆரல்வாய்மொழியில் காற்றாலை ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும்; காற்றின் வேகம், மின்சாரத்தின் அளவு எல்லாவற்றையும் அலுவலகத்துக்கு அனுப்பும். அந்தப் பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை சி மொழியில் எழுதுவதுதான் எங்கள் பிழைப்பு. இரண்டாயிரத்து ஏழு வாக்கில் நான் அங்கே பயிற்சியாளர். பயிற்சி எப்போது முடியும் என்று கேட்டால் அண்ணாச்சி சீலிங் ஃபேனைப் பார்ப்பார்.

இராஜாக்கமங்கலத்துப் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மாவும் அதையேதான் கேட்பாள். "பெர்மனன்ட் ஆக்கிட்டாவளா?" ஆக்காவிட்டால் சென்னையில் மாமாவின் தண்ணீர் ஃபில்டர் கடையில் போன் எடுக்கும் வேலை எனக்காகக் காத்திருந்தது. சி படித்துவிட்டு ஹலோ சொல்லப் போவதா என்று நினைத்தாலே எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும்.

அந்தச் சமயத்தில் எங்கள் புரோகிராமை வாங்கும் புனே கம்பெனி ஒரு புதிய விதி போட்டது. பாதுகாப்பில் எங்கெல்லாம் ஓட்டை இருக்கலாம் என்று மொத்தப் புரோகிராமையும் ஒரு ஸ்கேனர் மென்பொருளில் கொடுத்துப் பார்க்க வேண்டும். கண்டதையெல்லாம் அடைத்துவிட்டு, அடைத்தவரின் பெயரோடு சான்றிதழில் நிர்வாகி கையெழுத்துப் போட வேண்டும். வேறு யாரும் தொட மாட்டேன் என்றதால் வேலை என்னிடம் வந்தது.

"சான்றிதழ்ல உனக்க பேரு வரட்டு மக்கா, அடுத்த மாசமே பெர்மனன்ட்" என்றார் அண்ணாச்சி. அன்று அவர் ஃபேனைப் பார்க்கவில்லை. நான் நம்பினேன்.

ஸ்கேனர் வரிவரியாகப் படிக்கும். சந்தேகம் வந்த இடத்தில் நின்று, இங்கே ஆபத்து இருக்கலாம் என்று எழுதும். இருக்கிறது என்று ஒருபோதும் சொல்லாது. பெண் பார்க்க வரும் கூட்டத்தில் ஒரு சித்தி இருப்பாளே, அவள் சுபாவம். ஆனால் அது சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. சி மொழியில் எழுத்துகளை வைக்க எத்தனை இடம் வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். இருபது எழுத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டு முப்பது எழுத்தைக் கொட்டினால் அது தடுக்காது. மிச்சம் பக்கத்து இடத்தில் போய் உட்கார்ந்து, அங்கே இருந்ததை அழித்துவிடும். விஷயம் தெரிந்த திருடன் அந்த வழியாகவே உள்ளே புகுந்து காற்றாலையை நிறுத்தலாம்.

ஸ்கேனர் எழுதித் தந்த அறிக்கையை அப்படியே புனேவுக்கு அனுப்பினேன். ஆபத்தான வரிகளோடு, அவற்றின் ஓரத்தில் இருந்த குறிப்புகளும் அதில் அச்சாகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் விசா கிடைத்து மஸ்கட்டுக்குப் பறந்துவிட்டார். போவதற்கு முன், பின்னால் வரப்போகும் ஆளுக்காக, ஊரில் யாரையும் கூப்பிடுவதுபோல மக்கா என்று தொடங்கி, ஆங்கில எழுத்தில் நம் தமிழை அங்கங்கே எழுதி வைத்திருந்தார். 'மக்கா, இதுல கை வைக்காதே, எப்பிடியோ ஓடுது.' 'மக்கா, இந்த எடம் பத்தாது, பொறவு பாப்போம்.' 'மக்கா, இந்தச் சவம் எனக்கே மனசிலாகல்ல.'

இரண்டு நாளில் புனேயின் பாதுகாப்பு அதிகாரி போன் செய்தார். ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்டோம். வரியைத் திருத்துகிறவர்கள் குறிப்பின் தலையில் தங்கள் பெயரைப் போடுவது எங்கள் தொழிலில் வழக்கம். அந்தக் கணக்கில் அவர் ஆங்கிலத்தில் சொன்னார்: "ஆபத்தான எல்லா வரியிலும் மக்கா என்று பெயர் இருக்கிறது. ஓட்டைகள் அனைத்தும் அவருக்கு முன்பே தெரிந்திருக்கின்றன. அடைக்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். சான்றிதழில் அவர் பெயர் வரட்டும்."

நாங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றோம். அண்ணாச்சி ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். உண்மையைச் சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

"எஸ் சார். மக்கா இஸ் அவர் சீனியர் என்ஜினியர்."

போனை வைத்ததும் கேட்டேன். "என்னத்துக்கு அண்ணாச்சி அப்பிடிச் சொன்னிய?"

"பின்ன என்னத்தச் சொல்ல? புரோகிராமுக்குள்ள ஊர்க்கத பேசி வச்சிருக்கோம்னா? ஆர்டர் போயிரும். வேலைய நீ பாரு மக்கா. பேரு மக்காவுக்க பேரா இருக்கட்டு."

"அப்ப யார பெர்மனன்ட் ஆக்குவிய?"

அண்ணாச்சி ஃபேனைப் பார்த்தார்.

அதன்பின் வாரம் ஒருமுறை போன். ஒவ்வொரு முறையும் புனேக்காரர் மக்காவிடம் பேச வேண்டும் என்பார். ஒரு வாரம் மக்கா மண்டைக்காட்டுக் கோவில் கொடைக்குப் போயிருந்தார். அடுத்த வாரம் அவருக்கு வயிற்றுக்கடுப்பு. இன்னொரு வாரம் காற்றாலை மேல் ஏறியிருந்தார், அங்கே சிக்னல் இல்லை. அவர் சார்பில் நான் பேசுகிறேன் என்று சொல்லிச் சொல்லி, எனக்கே அந்த ஆள் மேல் எரிச்சல் வந்தது.

ஓட்டைகளில் மோசமானது, பெட்டியை இயக்குபவரின் பெயரை அடிக்கும் இடம். இருபது எழுத்துக்குத்தான் இடம் ஒதுக்கியிருந்தது. பக்கத்து மேசைக்காரன் அதை ஓட்டை என்றே ஒத்துக்கொள்ளவில்லை.

"இருபது எழுத்துக்கு மேல இஞ்ச யாருக்குப் பேரு?"

"எனக்கு."

நாங்கள் கடற்கரைக் கத்தோலிக்கர். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று எந்தப் புனிதையின் பெயரை வைப்பது என்று வீட்டில் சண்டை வந்து, கடைசியில் மூன்று பேரையும் சேர்த்து வைத்துவிட்டார்கள். அதற்குப் பின்னால் அப்பா பெயர். சோதனைப் பெட்டியில் அதை ஒரு எழுத்து விடாமல் அடித்துப் பொத்தானை அமுக்கினேன். திரையில் காற்றின் வேகம் மைனஸில் போனது. அப்புறம் பெட்டி அப்படியே உறைந்தது. என் பெயரின் வால் போய்க் காற்றின் மேல் உட்கார்ந்துவிட்டது.

"கொள்ளாமே, உனக்க பேரே வைரஸ்தான்" என்றான் அவன்.

வந்த எழுத்துகளை முதலில் அளந்து பார்த்து, இடத்துக்கு மேல் வந்ததை வெட்டிவிடுகிற மாதிரி அதைத் திருத்தினேன். சோதித்த விதத்தையும் போனில் விளக்கினேன். புனேக்காரர் பூரித்துப் போனார். "மக்காவின் கண்ணுக்கு எதுவுமே தப்பாது. அவருக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்."

சொல்கிறேன் என்றேன். அழுகையாக வந்தது, அழவில்லை. வீட்டில் அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"மக்காவத்தான் ஆக்குவாவ போல."

"அது யாருட்டி? உன்னவிட சீனியரா?"

நான் சாப்பிட உட்கார்ந்தேன்.

வேலை முடிந்ததும் புனேக்காரர் நேரிலேயே வந்தார். ஆரல்வாய்மொழியில் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, சாலையோரச் சாயாக்கடையில் உட்கார்ந்து சான்றிதழை எடுத்தார். மக்காவின் பெயர் அதில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. அவர் எங்கே என்று கேட்டார். பாட்டி இறந்துவிட்டதாக அண்ணாச்சி சொன்னார். புனேக்காரர் வருத்தம் தெரிவித்தார்.

அந்நேரம் கடைக்காரர் அங்கே நின்ற ஒரு லாரி டிரைவரைப் பார்த்து, "மக்கா, சீனி போடவா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் போடு மக்கா" என்றார் டிரைவர்.

புனேக்காரர் தலையைத் திருப்பினார். டிரைவரின் கிளீனர், "மக்கா, போவலாம்" என்று வண்டியிலிருந்து கூப்பிட்டான். காற்று காகிதத்தைத் தூக்கியது. அண்ணாச்சி பதறிப்போய் என்னிடம், "மக்கா, புடி, பறந்துரும்" என்றார். சொன்ன பிறகுதான் வாயை மூடினார்.

புனேக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். "இவர்களில் யார் மக்கா?"

"எல்லாரும்தான் சார்" என்றேன்.

"அப்படியானால் ஓட்டைகளை அடைத்தது?"

"நான்."

அவர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி வழக்கம்போல மேலே பார்த்தார். அங்கே ஃபேன் இல்லை, காற்றாலைதான் சுற்றிக்கொண்டிருந்தது.

கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு பேனாவை எடுத்து மக்காவை அடித்துவிட்டு, என் பெயரைக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். இரண்டாவது புனிதையோடு பெயருக்கான கட்டம் முடிந்துவிட்டது.

"மிச்சத்தை வெட்டிவிடட்டுமா? உங்கள் புரோகிராமும் அதைத்தானே செய்கிறது?"

"காற்றாலைக்கு அது போதும் சார். இதில் முழுசாக எழுதுங்கள்."

எழுதினார். மூன்றாவது புனிதை கோட்டைத் தாண்டினாள். அப்பாவின் பெயர் பக்கத்துக் கட்டத்தை முக்கால்வாசி பிடித்துக்கொண்டது. அது நிர்வாகியின் கையெழுத்துக்கான கட்டம். நான் காகிதத்தின் இரண்டு முனையையும் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அண்ணாச்சி குனிந்து, மிச்சமிருந்த மூலையில் தன் கையெழுத்தைக் குறுக்கிப் போட்டார்.