தார்க்காரர் பிரிக்காத சுவர்

செய்தி வந்தது உச்சிப் பொழுதில். சாலையே இல்லாத அந்த மீனவக் குடியிருப்புக்கு நல்லது கெட்டது எல்லாம் மதியப் படகில்தான் வரும். நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்த தார்க்காரர் போய்விட்டார் என்று படகோட்டி கரையிறங்கும் முன்பே கத்திச் சொன்னான். மீன் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி கையைக்கூடத் துடைக்கவில்லை.

"சாகறதை மட்டும் தள்ளிப்போடத் தெரியலையே இந்த மனுஷனுக்கு!" என்றாள். பிறகுதான் அழுதாள்.

படகுகளுக்குத் தார் பூசுவது அவர் தொழில். ஊர் வைத்த பெயர் 'அப்புறம்'. எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான் பதில். சொந்தக் கல்யாணத்துக்கே மாப்பிள்ளை கடைசி ஆளாக வந்தார் என்று அவள் தம்பி இன்னமும் சொல்லிச் சிரிப்பான்.

அந்த ஊரின் வரலாறு முழுக்கச் சுவரில்தான் இருந்தது. உழைத்து ஓய்ந்த படகை அங்கே யாரும் விறகாக்க மாட்டார்கள். பிரித்து, பலகைகளை வீட்டுக்குச் சுவராக வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்ட குடும்பக் குறி இருக்கும். பாட்டன் படகு சமையலறை, அப்பன் படகு வாசல் பக்கம்.

துறைமுகம் கட்ட இடம் தேடுகிறார்கள், இந்த ஊரை விட்டுவைப்பதா எடுப்பதா என்று பார்க்க அதிகாரி வருகிறார் என்று சில வருஷங்களுக்கு முன் ஒருநாள் தகவல் வந்தது. மீன் ஏலம் விடுகிறவர்தான் ஊரில் பெரிய மனிதர். மூளையும் தன் ஒருவரிடம்தான் இருப்பதாக அவருக்கு நினைப்பு.

"இந்த உளுத்த பலகையைக் காட்டினா காறித் துப்பிட்டுப் போவார். எல்லாத்தையும் பிரிச்சுத் தகரம் அடிங்க."

ஊரே பிரித்தது. நான்கு தலைமுறை அடுப்பில் எரிந்தது. அதிகாரிக்கான விருந்தும் அதில்தான் வெந்தது.

"டேய், எப்பப் பிரிக்கப் போற?" என்று ஏலக்காரர் தார்க்காரர் வாசலில் வந்து கத்தினார்.

"அப்புறம்ணே."

"உன்னையெல்லாம் இந்த ஊர்க்காரன்னு சொல்லவே வெட்கமா இருக்குடா!"

உள்ளேயிருந்து அதைக் கேட்ட மனைவி மறக்கவில்லை.

அதிகாரி வந்தார், வயிறாரச் சாப்பிட்டார், பளபளத்த தகரங்களைச் சுற்றிப் பார்த்தார். "எல்லாம் நேத்து முளைச்ச வீடு மாதிரி இருக்கே. பழைய குடின்னா விட்டுவைக்கலாம். புதுசா வந்தவங்களைக் காலி பண்ணச் சொல்லித்தான் எனக்கு உத்தரவு."

ஏலக்காரர் வாயில் ஈ புகுந்திருந்தாலும் தெரிந்திருக்காது. அதிகாரி கடைசியாகத் தார்க்காரர் வீட்டுச் சுவரின் முன் நின்றார். குறிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"இந்தக் குடும்பம் பழைய குடி. சொந்தபந்தத்தோட இருக்கலாம். இவங்க சொந்தக்காரங்க யார் யார்?"

அப்போதுதான் ஊருக்கு உறவு ஞாபகம் வந்தது.

"எங்க பெரியப்பாங்க!"

"எனக்குத் தாய்மாமன் முறை!"

ஏலக்காரர் தோளில் கையே போட்டுவிட்டார். "நானும் இவரும் பங்காளிங்க சார். ஒரே ரத்தம்."

அதிகாரி தார்க்காரரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றதைத்தான் நான் எழுதுவேன்."

அவர் இல்லையென்று தலையசைத்தால் ஊர் காலி. மனைவி அவர் இடுப்பில் கிள்ளினாள். "எல்லாரையும் சொல்லுங்க, அந்த ஏலக்காரரை மட்டும் விட்டுடுங்க," என்றாள் காதோடு.

அவர் உடனே பதில் சொன்னார். அதுவே ஊருக்குப் பெரிய அதிசயம். "எல்லாம் சொந்தந்தாங்க. சொந்தமில்லாதவன் எவன் இப்படி வாசலுக்கே வந்து திட்டுவான்?"

ஊர் நிலைத்தது. பங்காளி அடுத்த வாரமே மறுபடி 'டேய்' ஆனார். ஏலக்காரரையும் சேர்த்துக்கொண்டதற்காக மனைவி பேசாமல் இருந்த நாட்களில் தார்க்காரர் தன் பாட்டுக்குச் சாப்பிட்டுத் தூங்கினார்.

இப்போது துண்டால் கண்ணைத் துடைத்தபடி முதல் ஆளாக வந்தவர் ஏலக்காரர்தான். "பங்காளி நான் இருக்கேன்மா. முன்னால தூக்குறது நான்தான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தூக்குங்கண்ணே. அப்படியே உங்க படகுக்கு வேற ஆளையும் பார்த்துக்குங்க."

ஏலக்காரரின் படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. ஒரு பக்கம்தான் தார் பூசியிருந்தது.