பட்டையில் விட்ட இடைவெளி

எங்கள் கொண்டாப்பூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செவ்வாய்க்கிழமைதோறும் லிஃப்ட் கண்ணாடியைத் துடைக்கிறார்கள். துடைக்கும் திரவத்தில் அம்மோனியா நெடி. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிவிடுவார்கள். நான் வேலை எதுவும் இல்லாமலே இன்னொரு முறை மேலே போய்வருவேன். வாட்ச்மேன் என்னைப் பற்றி என்ன நினைக்கிறாரோ, கேட்கத் தைரியமில்லை.

அந்த நெடி மூக்கில் ஏறியதும் ராமச்சந்திராபுரம் தாண்டி இருந்த ஒரு சின்னத் தொழிற்சாலை கண்முன் வந்துவிடும். வரைபடங்களை அம்மோனியாப் புகையில் காட்டிப் பிரதி எடுக்கும் அறை, அதை ஒட்டி எங்கள் டிராயிங் ஆபீஸ், மத்தியான வெயில் படுத்துக் கிடக்கும் சாய்வு மேசைகள். அப்புறம் அந்த வண்டி.

உலகப் போர்க் காலத்தில் பனியில் ஓட்டுவதற்கென்றே செய்த ராணுவ டிராக்டர் அது. மொத்தத்தில் கொஞ்சம்தான் செய்தார்களாம். அதில் ஒன்று எப்படியோ நம் ராணுவக் கிடங்கில் ஒதுங்கிக் கிடந்திருக்கிறது. அதற்குப் புதுப் பட்டைகள் செய்து கொடுங்கள் என்று லாரியில் ஏற்றி எங்களிடம் அனுப்பிவிட்டார்கள். எஞ்சின் ஜீப்பினுடையதுதான். முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குப் பலகைகள். வேண்டுமானால் அவற்றைக் கழற்றிவிட்டுச் சக்கரம் மாட்டிக்கொள்ளலாம். பின்னால் சக்கரங்களைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை, அதன் குறுக்கே இரும்புச் சட்டங்கள், சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக. மே மாத வெயிலில் ஆசையாக ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தும் விட்டேன்.

எங்களில் ஒருவரும் பனியைப் பார்த்ததில்லை. நான் அறிந்த பனியெல்லாம் சோடாக் கடை ஐஸ்தான். பட்டையைச் சோதிக்க என்ன செய்வது? ஃபவுண்டரிக்குப் பின்னால் வார்ப்பு மணல் குவிந்து கிடந்தது. மிருதுவாக இருக்கிறது, கால் புதைகிறது, இது போதாதா என்று அதையே பனியாக வைத்துக்கொண்டோம். வண்டி புதைந்தது. எனக்கு இருபத்து மூன்று வயது, சட்டைப்பையில் கணக்குப் போடும் ஸ்லைட் ரூல், தலையில் கொஞ்சம் கனம். இடைவெளிகளைத் தகட்டால் மூடினால் எடை பரவும், புதையாது என்று கணக்குப் போட்டேன். மூடி ஓட்டினால் மணல்மேல் மிதந்து போனது. தலைமைப் பொறியாளர் முதுகில் தட்டினார். அன்று கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்பும்போது வழியில் இருந்த பாறைகளெல்லாம் எனக்கு வெள்ளை வெளேரென்று தெரிந்தன.

என் பென்சில் வரைபடத்தை மையில் படியெடுக்க வேண்டியவர் ஸ்டெல்லா அக்கா. செகந்திராபாத் ரயில்வே காலனிக்காரர். கணவர் ராணுவத்தில் லாரி டிரைவர், அப்போது பனிமலையில் இருந்தார். படியெடுப்பவர் கோட்டின்மேல்தான் கோடு போட வேண்டும். தானாக ஒன்றைக் கூட்டினாலும் குறைத்தாலும் வேலை போய்விடும்.

அக்கா கொண்டுவந்து வைத்த தாளில் என் தகடுகள் ஒன்றுகூட இல்லை.

எனக்கு வந்த கோபத்தில் தாளை அவர் பக்கமே தள்ளினேன். அக்கா சொன்னார்.

“இதுக்கு பிளேட் நக்கோ, வேணாம் சார். மணல் உதறினாக் கொட்டிடும். பனி உள்ள உக்காந்தா கல்லாயிடும், பட்டை இறுகி நின்னுடும். எங்க வீட்டுக்காரர் எழுதறாரு.”

முன்னாடியே சொல்வதற்கென்ன என்று கேட்டேன்.

“ரெண்டு தடவ சொன்னேன் சார். நீங்க கணக்குப் பாத்துட்டிருந்தீங்க.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வண்டி நின்னா டிரைவர்தான் இறங்கி அடியில கைய விட்டுத் தட்டணும். போன லீவுக்கு ரெண்டு விரல் இல்லாமத்தான் வந்தாரு.”

உள்ளே புகுந்த பனி பிதுங்கி வெளியே போகத்தான் அந்த இடைவெளி. அதை நான் அழகாக அடைத்து வைத்திருந்தேன். தாளின் மூலையில் மூன்று கட்டங்கள்: வரைந்தவர், படியெடுத்தவர், சரிபார்த்தவர். இரண்டாவதில் அக்காவின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. மூன்றாவதும் என் பொறுப்புதான். புகார் செய்தால் அக்காவின் வேலை போகும். தகடுகளை வரையச் சொன்னால் யாருடைய விரலோ போகும். சாயங்காலச் சங்கு ஊதும்வரை அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். லேசான நீலம் ஓடிய வெள்ளை. வாழ்க்கையில் நான் பார்த்த பனி அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டேன்.

தலைமைப் பொறியாளரிடம், யோசித்ததில் தகடு வேண்டாமென்று தோன்றியதாகச் சொன்னேன். யாருக்குத் தோன்றியது என்று சொல்லவில்லை. அக்காவைக் காப்பாற்றத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த குளிர்காலம் முடிந்து மலையிலிருந்து கடிதம் வந்தது. பட்டை ஒரு தடவைகூட இறுகவில்லையாம். பனியைப் பார்க்காமலே பனியைப் புரிந்துகொண்ட பையன் என்று எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார்கள். நான் எழுந்து நின்று நன்றி சொன்னேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அக்கா குனிந்த தலை நிமிராமல் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் மட்டும், “ஹவ், ஆமா சார், நல்லாப் பேசினீங்க” என்று சிரித்தார்.

இப்போது அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் எங்களுடையதைப் போலவே அடுக்குமாடிகள். அக்கா எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ. கம்ப்யூட்டரில் வரையும் என் மகளிடம், படியெடுத்தவர் பெயரை எங்கே போடுவீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். “அப்படி ஒரு ஆளே கிடையாதேப்பா” என்றாள்.