வீட்டுக்காரம்மாவின் புல்தரை

ஜெர்மனியில், எசன் நகரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்பக்கம் ஒரு புல்தரையும் அதன் நடுவில் ஒரு பெரிய மேப்பிள் மரமும் இருந்தன. ஒக்டோபர் பிறந்தால் அது கொட்டுகிற இலைகளை உடனே வாராவிட்டால் அடியில் புல் அழுகிவிடும். கீழ்த்தளத்தில் தனியாக இருந்த வீட்டுக்காரம்மாவுக்கு முழங்கால் வருத்தம். நான்கு வருடங்களாகச் சனிக்கிழமைகளில் நான்தான் வாரினேன். யாரும் கேட்டுச் செய்ததில்லை. முடிந்ததும் அவர் கோப்பியும் பிளம்ஸ் கேக்கும் கொண்டுவருவார். இந்த நாட்டில் என் வரவை எதிர்பார்த்திருந்த ஒரே ஜெர்மன்காரி அவர்தான். எனக்கு அது பெரிய விஷயம்.

ஐந்தாவது வருடம் எங்களுக்கு மேல்மாடியில் தமிழ்நாட்டுச் சோடி ஒன்று குடிவந்தது. கணவனுக்குக் கணினி வேலை, மனைவி வீட்டில். தமிழாட்கள் என்று சந்தோஷப்பட்டுப் புட்டு அவித்துக் கொடுத்தவள் நான். ஒரு வெள்ளிக்கிழமை துப்புரவு வேலை முடிந்து வந்து யன்னலால் பார்க்கிறேன், என் குப்பைவாரி அவள் கையில். வீட்டுக்காரம்மா பக்கத்தில் நின்று அவளோடு ஆங்கிலத்தில் பேசிச் சிரிக்கிறார். அவருக்கு ஆங்கிலம் வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"உங்களுக்குக் கொஞ்சம் ரெஸ்ட் கிடைக்கட்டும்னுதான் அக்கா," என்றாள் படியில் கண்டபோது.

யார் கேட்டது ஓய்வு? "ஓம், நல்லது," என்று சிரித்து வைத்தேன்.

அடுத்த கிழமையும் அவளே முந்திக்கொண்டாள். சனிக்கிழமை காலையில் நான் இறங்கிப் போனால் புல்தரை தலைவாரிவிட்ட மாதிரிக் கிடக்கிறது. அப்போதுதான் வேலியோரம் ஒரு குவியல் கண்ணில் பட்டது. பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடைசி இலைவரை கையாலேயே அள்ளிக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு, வீட்டுக்காரம்மா கதவைத் திறக்கும்வரை காத்து நின்றேன்.

அவர் வந்தார். வேலியோரத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

"யார் அதை எடுத்தது?"

இந்த வருடம் ஒரு முள்ளெலி வந்திருந்ததாம். அது குளிர்காலம் முழுக்கத் தூங்குவதற்காக, அந்த முழங்காலோடு குனிந்து அவரே குவித்து வைத்த இலைகளாம் அவை. இலைத்தூள் ஒட்டியிருந்த கைகளைச் சட்டையில் துடைத்தேன்.

"நான்தான். குப்பை என்று நினைத்துவிட்டேன்," என்று பின்னால் ஒரு குரல் தட்டுத்தடுமாறி ஜெர்மனில் சொன்னது. அவள் எப்போது இறங்கி வந்தாளோ தெரியாது.

வீட்டுக்காரம்மா அவளை முறைத்தார். பிறகு என் தோளைத் தொட்டு, "நீ என்றால் செய்திருக்கமாட்டாய்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"ஏன் பிள்ளை, நீர் செய்ததெண்டு சொன்னனீர்?" என்று அவளைக் கேட்டேன்.

"நீங்க அள்ளினதை மேல இருந்து பார்த்தேன் அக்கா. மார்ச்ல இவருக்கு ப்ராஜெக்ட் முடியுது, நாங்க ஊருக்குப் போயிடுவோம். எனக்குத் திட்டு விழுந்தா என்ன? நீங்கதானே இங்கயே இருக்கணும்."

நன்றி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நல்ல மனமும் இவளுக்குத்தான் வாய்க்க வேண்டுமா என்றுதான் எனக்குப் பொருமியது.

மார்ச்சில் அவர்கள் போனார்கள். வீட்டுக்காரம்மாவிடம் உண்மையைச் சொல்ல அதற்குப் பிறகு எனக்கு ஐந்து இலையுதிர்காலங்கள் கிடைத்தன. சொல்லவில்லை.