இரண்டு ஊருக்கும் ஒரே ஆண்டிச்சாமி

ரெட்டியார்சத்திரத்துக்குத் தெற்கே சூசைபுரம் மேலே இருக்கிறது; கன்னிமார்பட்டி கீழே இருக்கிறது. மேலே கீழே என்பதெல்லாம் நிலத்தின் சரிவைச் சொல்ல வந்த வார்த்தைகள்தாம். ஆனால் தண்ணீர்ப் பேச்சு வந்துவிட்டால் அந்த வார்த்தைகளுக்கே மீசை முளைத்துவிடும்.

சூசைபுரத்துக் கண்மாய் நிறைந்து மறுகால் போனால்தான் கன்னிமார்பட்டிக் கண்மாய்க்குத் தண்ணீர். மறுகால் போகிற இடத்தில் வரிசையாகக் கல் நட்டு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பலகை சொருகியிருப்பார்கள். அதுதான் கலுங்கு. பலகை இருந்தால் மேலூருக்கு இன்னும் ஒரு முழம் தண்ணீர் கூடுதல். உருவினால் கீழூருக்கு ஓட்டம். எப்போது போடுவது, எப்போது உருவுவது என்பதில் மண்டை உடைந்து, கை முறிந்து, கோர்ட்டு வாசலில் செருப்பும் தேய்ந்த பிறகு, பழைய ஆட்கள் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். கலுங்குக்குக் காவல் கீழூர்க்காரன். அவனுக்குச் சோறும் குடிசையும் மேலூர். கீழூர்க்காரன் என்பதால் பலகையை உருவ மறக்கமாட்டான். மேலூர்ச் சோற்றைத் தின்பதால் முந்திக்கொண்டு உருவவும் மாட்டான்.

அப்பழுக்குச் சொல்ல முடியாத ஏற்பாடு. ஒரே குறை, நடுவில் ஒரு மனிதன் வாழ்ந்தாக வேண்டும். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவன் கரையில் நிற்க வேண்டும். சொந்த ஊரில் அவன் தலைசாய்க்கக் கூடாது.

அந்த மனிதன்தான் ஆண்டிச்சாமி. ஆசைப்பட்டு வந்த வேலை இல்லை. முன்பு காவல் இருந்தவர் அவருடைய தாய்மாமன். தொண்ணூற்று மூன்றில் அவர் கரையிலேயே இறந்துபோக, தூக்க வந்த கூட்டத்தில் ஆண்டிச்சாமியும் ஒருவர். பலகை உருவுகிற கொக்கிக்கம்பு பிணத்தின் பக்கத்தில் கிடந்தது. யாரோ எடுத்து, "செத்த நேரம் பிடி அப்பு" என்று நீட்டினார்கள். வாங்கினார். கம்பு யார் கைக்குப் போகிறதோ அவன்தான் காவல் என்பது இரண்டு ஊருக்கும் தெரியும். துக்கத்தில் அவருக்கு மட்டும் அது மறந்துபோயிருந்தது. அந்தச் செத்த நேரம் பன்னிரண்டு வருடமாக நீண்டது.

மனைவி கருப்பம்மாள் முதலில் கூடவே வந்து குடிசையில் இருந்தாள். மழை பொய்த்த ஒரு வருடம், குழாயடியில் மேலூர்ப் பெண்கள், "ஆண்டவா, கீழூருக்குக் கம்மாத் தண்ணி பத்தாதுன்னு குடத்துலயும் மோந்துட்டுப் போறாக" என்று அவள் காதுபடப் பேசினார்கள். அன்றைக்கே குடத்தைக் கவிழ்த்துவிட்டு, மகள் கீர்த்தனாவைக் கையில் பிடித்துக்கொண்டு கன்னிமார்பட்டிக்கு நடந்துவிட்டாள். அங்கே போனால் ஆண்டிச்சாமிக்கு வேறு பெயர். "வாரார்யா மேலூர்ச் சோத்து உடம்பு!" பகலில் வீட்டுக்குப் போவார், மல்லித் தோட்டத்தில் களை பறிப்பார், பொழுது சாய்கிறபோது, மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாக, எழுந்து வருவார். அவள் இருமலோடு கிடந்த ராத்திரியிலும், பெரியவளான ராத்திரியிலும் அவர் கரையில்தான் இருந்தார்.

இரண்டாயிரத்து ஐந்தில் ஆவணி மாதம் கீர்த்தனாவுக்கு நத்தத்தில் மாப்பிள்ளை அமைந்தது. தையில் கல்யாணம். கருப்பம்மாள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்:

"ஏய்யா, அவ போறதுக்குள்ள ஒரு நாளாச்சும் அப்பன் ஆத்தான்னு ஒரு வீட்டுல படுத்து எந்திரிக்கணும். கேட்டுட்டு வா."

காவலை விடுவதற்கும் முறை உண்டு. மறுகால் ஓடும்போது, அதாவது இரண்டு ஊரும் வயிறு குளிர்ந்திருக்கும்போது, இரண்டு ஊர்ப் பெரியவர்களும் ஒன்றாக நிற்க, கம்பை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். இருவரும் பிடித்துவிட்டால் விடுதலை; அடுத்த ஆளைத் தேடுவது அவர்கள் பாடு. ஒரு மறுகாலுக்கு ஒரு தடவைதான் கேட்கலாம். மறுகால் ஓடியோ ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது.

அந்த ஐப்பசியில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. கார்த்திகையில் கலுங்கு தாண்டியது. ஆண்டிச்சாமி முதலில் சூசைபுரத்துப் பெரியவர் ஸ்தனிஸ்லாஸ் வாத்தியாரிடம் போனார்.

"எனக்கென்னப்பா ஆட்சேபணை? ஒங்க ஊர்க்காரன் கண்ணன் சரின்னா சரி."

கண்ணன், கீழூர்ப் பெரியவர் என்று பெயர்தானே தவிர வயதில் இளையவன். ஆண்டிச்சாமிக்கு அண்ணன் மகன் முறை. அவன் சொன்னான்:

"சித்தப்பா, நான் மாட்டேன்னா சொல்றேன்? அந்த வாத்தியாரு மொதல்ல வரட்டும். நான் போயி அவரு வாசல்ல நிக்கிறதா?"

வாத்தியார் கீழே இறங்கமாட்டார். கண்ணன் மேலே ஏறமாட்டான். நடுவில் ஆண்டிச்சாமி ஏறி இறங்கினார். மார்கழி பிறந்தது. மறுகாலின் இரைச்சல் நாளுக்கு நாள் மெலிந்தது.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. மதுரையில் ஒரு பெரிய கூட்டம். ஆசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் ஒரே ஆற்றை, ஒரே ஊற்றைப் பங்குபோட வேண்டியிருக்கிற நாடுகள், அடித்துக்கொள்ளாமல் எப்படித் தண்ணீரைக் காப்பது என்று பேச வந்திருக்கின்றன. வந்தவர்களுக்கு இந்தக் கலுங்கைக் காட்டப்போகிறார்களாம். டீக்கடை இஞ்ஞாசிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏலே, நம்ம பலகைச் சண்டைய வேடிக்க பாக்க நேபாளத்துலருந்து ஆளு வருதாம்ல! அங்கெல்லாம் சண்டை போடத் தெரியாது போல."

ஆண்டிச்சாமிக்கு மட்டும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. விருந்தாளி முன்னால் இரண்டு பெரியவர்களும் ஒரே பந்தலில் நின்றாக வேண்டும். முகத்தைத் திருப்பவும் முடியாது. மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. கம்பை அங்கே கொடுத்துவிடலாம். கருப்பம்மாளிடம் சொன்னார். அவள் அன்றைக்கே அவருடைய தலையணைக்குப் புது உறை தைத்தாள்.

பஸ் வந்தது. கரையில் சாமியானா, சுண்டல், இளநீர். மொழிபெயர்க்க ரூபி டீச்சர். வங்காளதேசத்துக்காரர் ஒருவர் மறுகாலைப் படம் எடுத்துத் தள்ளினார். தங்கள் தீவில் கடல் கிணற்றுக்குள் வந்துவிட்டது, அடுத்த தீவிலிருந்து படகில் குடிதண்ணீர் வருகிறது, அவர்கள் தராவிட்டால் நாங்கள் இல்லை என்று பசிபிக் தீவுக்காரர் சொன்னபோது இரண்டு ஊர்ச் சனமும் உச்சுக்கொட்டியது. நேபாளத்திலிருந்து வந்திருந்த அதிகாரி அம்மாள் நரைத்த தலையும் கூர்மையான கண்ணுமாக ஆண்டிச்சாமியின் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்கு எந்த ஊர் மேல கோபம் அதிகம்னு கேக்குறாங்கய்யா" என்றார் ரூபி டீச்சர்.

"ரெண்டு ஊரும் எம்மேல கோவப்படுறாக டீச்சர். அதை வாங்கி வைக்கவே எனக்கு இடம் பத்தல. நான் எங்குட்டுக் கோவப்பட?"

பந்தலே சிரித்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. எங்கள் ஆற்றுக்கு இரண்டு நாட்டிலும் அலுவலகம் இருக்கிறது, தீர்மானம் இருக்கிறது, ஆனால் இரண்டு பக்கமும் நம்புகிற ஒரு ஆள் இல்லை என்றார். அதை டீச்சர் தமிழில் சொன்னதும் வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணன் துண்டைச் சரிசெய்துகொண்டான். நாடுகளுக்கே இல்லாத ஒன்று தங்களிடம் இருப்பது இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. அந்த நிமிர்வு ஆண்டிச்சாமிக்குப் பிடிக்கவில்லை.

தாமதிக்கக் கூடாது. எழுந்தார். கம்பை எடுத்துவந்து இருவர் முன்னாலும் நீட்டினார். "வாத்தியாரய்யா, கண்ணா, பிடிங்க. எம்மகளுக்கு நான் அப்பனா இருக்கணும்."

வாத்தியார் கண்ணனைப் பார்த்தார். கண்ணன் விருந்தாளிகளைப் பார்த்தான். காமிராக்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தன. முதலில் வாத்தியார் பிடித்தார். பிறகு கண்ணன். ஆண்டிச்சாமி கையை எடுத்தார். பன்னிரண்டு வருடத்தில் அவர் உள்ளங்கையில் முதல்முறையாகக் காற்றுப் பட்டது.

இதெல்லாம் தங்களுக்காக நடக்கிற சடங்கு என்று நினைத்து விருந்தாளிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நேபாளத்து அம்மாள் ஆசையாகக் கையை நீட்ட, பெரியவர்கள் கம்பை அவரிடம் கொடுத்தார்கள். அவர் அதைத் தடவிப் பார்த்தார். கொக்கியின் முனையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் ஏந்தி, தலைகுனிந்து, ஆண்டிச்சாமியிடமே நீட்டினார்.

தூரதேசத்திலிருந்து வந்த பெரிய மனுஷி, இரண்டு கையாலும் தருகிறார். எப்படி வாங்காமல் இருப்பது? ஆண்டிச்சாமியின் கை தானாக நீண்டது. வாங்கி, கண்ணில் ஒற்றியும் கொண்டார். ஒற்றின பிறகுதான் உறைத்தது.

கூட்டத்தின் பின்னாலிருந்து இஞ்ஞாசியின் குரல் வந்தது:

"அட கூறுகெட்ட ஆண்டி! வாங்கிட்டியேப்பு!"

வாத்தியார் சிரித்தார். கண்ணனும் சிரித்தான். சூசைபுரமும் கன்னிமார்பட்டியும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்ததைக் கண்டவர்கள் அதற்கு முன்னால் யாரும் இல்லை.

"ஐயா, தெரியாம வாங்கிட்டேன்யா. திருப்பிப் பிடிங்க."

"ஒரு மறுகாலுக்கு ஒரு தடவதானப்பா. நாங்க விட்டோம், நீ வாங்குன. இதுல எங்க தப்பு என்ன இருக்கு?" என்றார் வாத்தியார். "கண்ணா, நீ என்ன சொல்ற?"

"வாத்தியாரு சொல்றது சரிதான் சித்தப்பா."

அவர்கள் இருவரும் ஒத்துப்போன பேச்சு அதுதான் முதல். ரூபி டீச்சர் தணிந்த குரலில் விவரம் சொன்னதும் அந்த அம்மாளின் முகம் வெளிறியது. கம்பைத் தானே திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுந்தார். வெளியூரார் பிடித்தால் செல்லாது என்று இரண்டு ஊரும் ஒரே குரலில் சொல்லிற்று. பஸ் ஏறும்போது அவர் ஆண்டிச்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். டீச்சர் மொழிபெயர்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

கருப்பம்மாள் திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "ஊருக்கு ஒரு கை நீளுது, வீட்டுக்குத்தான் நீளமாட்டேங்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போனாள்.

தை மாதம் காளியம்மன் கோயிலில் தாலி ஏறியது. இரண்டு ஊரும் வந்து ஒரே பந்தியில் சாப்பிட்டது. ரசம் நன்றாக இருந்ததாகவும் பேசிக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் நத்தத்துக்கு வேன் ஏறினார்கள். கீர்த்தனா சன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"அப்பா, நாளைக்கு மறுவீட்டுக்கு வாரோம். நீ இருப்பேல்ல?"

"பகல்ல வாங்க தாயி."

வேன் திரும்பும் வரை நின்றார். வேட்டியில் ஒட்டியிருந்த சந்தனத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு கரைக்கு ஏறினார். விளக்கு வைக்க இன்னும் செத்த நேரம் இருந்தது. கலுங்கில் சத்தம் இல்லை. மறுகால் நின்றிருந்தது. கற்களின் தலை காயத் தொடங்கியிருந்தது. அடுத்த மறுகால் எந்த வருடமோ, யார் கண்டது.

தண்ணீர் நின்றுவிட்டால் பலகையைத் திரும்பச் சொருக வேண்டும். அது காவல்காரன் வேலை. ஆண்டிச்சாமி கல்யாண வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒவ்வொன்றாகச் சொருகத் தொடங்கினார்.