டெய்சியின் தீக்குச்சிகள்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் டெய்சியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். விடியற்காலைப் பெங்களூர் ரயிலில் அப்படி யாரும் இருக்க முடியாது. எத்தனையோ வருடமாக அதே ஜன்னலோரம். இன்சூரன்ஸ் ஆபீசில் கிளார்க் வேலை. இடத்துக்காக ரயிலில் யாரோடு வேண்டுமானாலும் மல்லுக்கு நிற்பாள். வீட்டில் கணவர் சைலஸிடம் மட்டும் எதிர்த்து ஒரு வார்த்தை வராது. பயமெல்லாம் இல்லை. அவர் முகம் வாடினால் இவளுக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

சைலஸ் கனரக எந்திரத் தொழிற்சாலையின் டூல் ரூமில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்; அவர் அப்பா தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். டெய்சி ஆசைப்பட்டு இரண்டு கூட்டம் இத்தாலியத் தேனீ வாங்கி வந்தபோது, கூடவே வந்த பெட்டிகளை ஒரே பார்வையில் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார். "இதுல பல்லி குடும்பம் நடத்தும்" என்று சொல்லி, தானே புதிதாகச் செய்தார். மூடியை வைத்தால் பிளேடு நுழையாது. வீட்டுக்கு வருகிறவர்கள் தேனைப் பற்றிக் கேட்பார்கள். அவர் மூடியைக் காட்டுவார்.

இந்த வருடம் தைல மரங்கள் பூத்த சமயத்தில் தேனீக்களுக்கு உண்ணி பிடித்தது. சிறகு சுருண்ட தேனீக்கள் பறக்க முடியாமல் பெட்டிக்கு முன்னால் மண்ணில் ஊர்ந்தன. எண்ணெய் தடவிய வெள்ளைத் தாளை அடித்தட்டில் விரித்து வைத்துப் பார்த்தால், கடுகைவிடச் சின்னதாகச் சிவப்புப் பூச்சிகள். தேனீ புழுவாக இருக்கும்போதே அதன்மேல் ஏறி உட்கார்ந்து உறிஞ்சுகிற சனியன்கள். இப்படியே விட்டால் இரண்டு கூடும் காலி.

பங்காரப்பேட்டைப் பக்கம் தேனீ வைத்திருக்கும் ராஜப்பா, பார்மிக் ஆசிட் கொடுத்து விவரமும் சொன்னார். சின்னக் குப்பியில் ஊற்றி, திரி போட்டு, பெட்டிக்குள் நிறுத்த வேண்டும். அந்த ஆவி உண்ணியைக் கொல்லும், தேனீ தாங்கிக்கொள்ளும். சைலஸ் கையுறை மாட்டிக்கொண்டு கச்சிதமாகச் செய்து முடித்தார். ஆவி துளிகூட வீணாகக் கூடாதென்று இரண்டு மூடியையும் அமுக்கி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்லை வைத்தார்.

மறுநாள் காலையில் தேனீக்கள் உள்ளே போக மனமில்லாமல் பெட்டியின் முகத்தில் தாடி மாதிரி தொங்கின. டெய்சி ரயிலிலிருந்தே ராஜப்பாவுக்குப் போன் போட்டாள்.

"மூடியில சந்து கீதாக்கா?"

"எங்க வீட்டுக்காரர் செஞ்ச பொட்டிங்க. அதுல ஏது சந்து?"

"ஐயய்யோ! என் பொட்டியில எலியே பூந்து போவும், அதான் எனக்கு ஒண்ணும் ஆவல. உள்ள காத்து ஓடணும்க்கா. நாலு மூலைக்கும் தீக்குச்சி வெச்சு மூடியத் தூக்கி வுடுங்க. இல்லன்னா ராணி செத்துடும்."

அடுத்த நாள் சைலஸ் எழுந்திருப்பதற்குள் தீக்குச்சிகளை வைத்துவிட்டு ரயிலுக்கு ஓடினாள். சாயங்காலம் வந்து பார்த்தால் மூடி பழையபடி இறுக்கமாக இருந்தது, மேலே கல்லோடு. சமையலறையில் தீப்பெட்டியைத் திறந்தாள். அவள் வைத்த குச்சிகள் மற்ற குச்சிகளோடு ஒழுங்காகப் படுத்திருந்தன. மறுநாளும் இவள் வைத்தாள், அவர் எடுத்தார். சேர்ந்து ஜெபம் பண்ணினார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், தீக்குச்சிப் பேச்சு மட்டும் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தவை தேனீக்கள்.

அதற்கடுத்த சாயங்காலம் பெட்டி வாசலில் செத்த தேனீக்கள் குவிந்திருந்தன. டெய்சி தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை.

"இன்னாங்க, கொஞ்சம் வெளிய வாங்க."

சைலஸ் வந்தார். "நீ குச்சி வெச்சா மருந்தெல்லாம் போயிடும். நல்ல மூடிய ஏன் கெடுக்கற?"

"உங்க மூடியில ஒரு கொறையும் இல்லங்க. அதான் கஷ்டமே. சுரங்கத்துல பாறை வெடிச்சு பிளாஸ்டிங் முடிஞ்சா, புகை போற வரைக்கும் உங்கப்பா அந்த லெவல்ல கால் வெச்சிருப்பாரா? இதுங்க அந்தப் புகையிலயே குடியிருக்குதுங்க. மேல ஏறிப்போவ கேஜ் லிப்டு கீதா இதுங்களுக்கு?"

சைலஸ் செத்த தேனீ ஒன்றைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு இரண்டு கல்லையும் இறக்கினார், மூடிகளைச் சற்றே விலக்கி வைத்தார், உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். சாப்பிட வரவில்லை. டெய்சியும் சாப்பிடவில்லை.

மறுநாள் ரயிலில் அவளுக்குத் தேனீ ஞாபகமே இல்லை. இத்தனை வருடம் காத்த வாயை ஒரு நாள் அடக்க முடியாமல் போயிற்றே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. அன்று வேறு யாரோ ஜன்னலோரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் சண்டைக்குப் போகவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையாமல் நேரே பின்பக்கம் போனாள். சைலஸ் பெட்டியருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மூடிகள் ஆடாமல், மட்டம் பார்த்து வைத்தது மாதிரி, எழும்பி நின்றன. ஒவ்வொரு மூலைக்கு அடியிலும் பளபளவென்று ஒரு பித்தளைத் துண்டு. ஆண்டர்சன்பேட்டையில் டென்சில் என்பவரின் பட்டறைக்குப் போய் லேத்தில் கடைந்து வந்திருக்கிறார். அந்த இடைவெளியை ஒட்டித் தேனீக்கள் வரிசையாக நின்று சிறகால் காற்று வீசின. கீழே தாள் முழுக்க உண்ணி உதிர்ந்து கிடந்தது.

"ராணி ரெண்டும் நல்லாத்தான் கீது. பாத்துட்டேன்" என்றார், அவள் பக்கம் திரும்பாமல். "உன் குச்சி ஒண்ணு ஒசரம், ஒண்ணு தாழ்வு. மூடி ஆடுது டெய்சி. அதத்தான் என்னால பாக்க முடியல."

டெய்சிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"சந்து இன்னும் கொஞ்சம் வேணும்னா சொல்லு" என்றார் சைலஸ். "வேற கடைஞ்சிடறேன்."

"இது போதுங்க. எழுந்து வாங்க, சாப்பிடலாம்."